கேட்டால் காட்ட வேண்டும்

மூச்சுத்தான் ஆளைக் காட்டிக்கொடுக்கிறது. எஞ்சினை நிறுத்தி, முன்கண்ணாடிக்கு மறைப்புக் கொடுத்து, பின்சீற்றில் கறுப்புப் போர்வைக்குள் குந்தியிருந்து, கமராவின் பற்றரி குளிரில் செத்துப்போகாமல் அதைக் கமக்கட்டுக்குள் வைத்துக் காத்து, இவ்வளவு பாடும் பட்ட பிறகு, மனிசன் மூச்சு விடுகிற ஒரே குற்றத்துக்காகப் பக்கக் கண்ணாடியில் ஆவி படிந்துவிடுகிறது. தெருவில் நிற்கிற மற்ற வாகனங்கள் எல்லாம் தெளிந்த கண்ணாடியோடு நிற்க, இந்த வான் மட்டும் உள்ளே ஓர் உயிர் இருக்கிறது என்று கனடாவில் இந்த ஸ்காபரோ முழுக்கச் சொல்லிக்கொண்டு நிற்கும். குகதாசன் கையுறையின் முதுகால் ஒரு சின்ன வட்டம் துடைத்தான். வட்டத்துக்குள் பாலேந்திரனின் வீடு வந்தது. செங்கல் வீடு, கதவுக்கு மேலே பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம், படியிலும் பாதையிலும் இரவு கொட்டிய சினோப்பனி ஒரு காலடியும் படாமல் கிடந்தது. கதவோரம் சினோ வழிக்கிற சவள் ஒன்று சாய்த்து வைத்திருந்தது. பாலேந்திரன் லொறி ஓடியவர். பின்னால் வந்த கார் இடித்ததில் இடுப்பு நாரி போய்விட்டது, ஒரு வாளி தண்ணீர் தூக்கவும் ஏலாது என்று இன்சூரன்சுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். இன்சூரன்ஸ்காரர் நம்பவில்லை. நம்பாதவர்களுக்காகப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் குகதாசனின் உத்தியோகம். அவர் வெளியே வந்து, அந்தச் சவளை எடுத்து, குனிந்து ஒரு தரம் சினோவை வழித்து எறிந்தால் போதும். அவருடைய கதை முடிந்தது, இவனுடைய அறிக்கை தொடங்கியது. எழும்பு ஐயா, எழும்பி வா, என்று குகதாசன் மனசுக்குள் கூப்பிட்டான். கூப்பிட்டுவிட்டு, வராதே, நாரி உண்மையாகவே போயிருந்தால் படுத்துக்கிட, என்றும் சொன்னான். இரண்டும் அவன்தான். நெஞ்சுப் பைக்குள் லைசன்ஸ் அட்டை இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தான். இருந்தது. அட்டையில் இருக்கிற முகம் அவனுடையது. பெயரும் பிறந்த தேதியும் அவனுடையவை அல்ல. அவை அண்ணன் தயாபரனுடையவை.

லைசன்ஸ் வகுப்பில் ஒரு பழைய பொலிஸ்காரர் படிப்பித்தார். வயிறு பெருத்த, சிரிக்கத் தெரியாத மனிசன். அட்டை எப்போதும் உடம்போடு இருக்க வேண்டும். பொலிஸ் என்று யாரையும் நம்பவைக்கக் கூடாது. யன்னலுக்குள் எட்டிப் பார்த்துப் படம் பிடிக்கக் கூடாது, ஆள் வெளியே வந்தால்தான். வீடு மாறினால் அறிவிக்க வேண்டும். யாராவது கேட்டால், பொலிஸ் என்றில்லை, தெருவில் நாய் பிடித்துக்கொண்டு போகிற கிழவி கேட்டாலும், நான் தனியார் துப்பறிவாளன் என்று சொல்லி அட்டையைக் காட்ட வேண்டும். அதைக் கேட்டுப் பின்வரிசை வாங்கில் இருந்த வெள்ளைப் பெடியன்கள் சிரித்தார்கள். ஒளித்திருக்கிற வேலைக்குப் போகிறவன், கேட்டவுடன் பேரைச் சொல்வதா என்று. குகதாசன் சிரிக்கவில்லை. அவன் விட்டுவிட்டு வந்த நாட்டில் சனம் இரண்டே சாதி: அட்டை கேட்கிறவன், அட்டை காட்டுகிறவன். கேட்டால் காட்ட வேண்டும் என்பதை யாரும் அவனுக்கு வகுப்பு வைத்துச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. காட்டினால் என்ன நடக்கும் என்பதையும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஆனால் சோதனையில் அந்தக் கேள்விக்குச் சரியான விடைக்கு எதிரே கடைசி நிமிடத்தில்தான் கறுப்பாக்கினான். வேலை கிடைத்தது. தமிழ்ச் சனத்தின் வழக்குகள் எல்லாவற்றுக்கும் மனேஜர் செரில் அவனைத்தான் அனுப்புவாள். நம்முடைய ஆள் நம்முடைய தெருவில் வானுக்குள் குந்தியிருந்தால் யாரும் பொலிசுக்கு ஃபோன் அடிக்க மாட்டார்கள் என்பது அவளுடைய கணக்கு. வெட்கம் கெட்ட கணக்கு, ஆனால் சரியான கணக்கு.

காலையில் வேலைக்கு வருகிற அவசரத்தில் ஃபோனைப் பார்க்கவில்லை. வானுக்குள் அடங்கிய பிறகுதான், சத்தத்தைக் குறைத்து, காதோடு ஒட்டி வைத்து அம்மாவின் குரல்செய்தியைக் கேட்டான். அம்மா கிளிநொச்சியில் இருக்கிறாள். இங்கே விடிகிறபோது அங்கே பொழுதுபடுகிறது. அவள் தன்னுடைய முற்பகலில் சொன்னது இவன் நித்திரையாய்க் கிடந்தபோது வந்து விழுந்திருக்கிறது. "தயா, அம்மா கதைக்கிறன். இண்டைக்குப் பிறந்தநாள் மோனை. பிள்ளையாருக்கு அருச்சனை செய்யப்போறன். பிறகு மோனை, காணாமல் போனாக்களின்ர பதிவுக்கு இண்டைக்குத்தான் வரச் சொல்லியிருக்கு. பின்னேரம் போகவேணும். இதுதான் கடைசியாம், இனிப் பதியமாட்டாங்களாம். எனக்கும் இனிப் போக்குவரத்து ஏலாது. போகத்தான் போறன். நீ எடு." பிறகு மூச்சு. பிறகு, பக்கத்தில் யாரும் கேட்டுவிடுவார்கள் என்பதுபோல், ரகசியமாக, "வைக்கிறன் குகன்." ஒவ்வொரு முறையும் அப்படித்தான். ஃபோனில் அவள் அவனைத் தயா என்றுதான் கூப்பிடுவாள், கம்பிக்குள்ளால் யார் கேட்கிறார்களோ என்ற பழைய பயம். வைக்கிற நேரம் மட்டும் அவனுடைய சொந்தப் பெயரை ஒரு தரம் மெல்லச் சொல்லிவிட்டு வைப்பாள். உலகத்தில் அந்தப் பெயரால் அவனைக் கூப்பிட வேறு சீவன் இல்லை. வாரத்துக்கு ஒரு தரம், ஒரு மூச்சு அளவு, அவன் குகதாசனாக இருந்தான்.

பிறந்தநாள். இரண்டாம் தரம் கேட்டபோதுதான் அந்தச் சொல் உறைத்தது. அண்ணனுடைய பிறந்தநாள் என்றால் அட்டையில் இருக்கிற பிறந்தநாள், அட்டையில் இருக்கிற பிறந்தநாள் என்றால் லைசன்ஸ் முடிகிற நாள். பையிலிருந்து எடுத்துப் பார்த்தான். இன்றைய தேதி, கொட்டை எழுத்தில். மற்ற மனிசருக்கு இது வராது. பிறந்தநாள் வந்தால் கேக் வெட்டுவார்கள், அதோடு லைசன்சும் ஞாபகம் வரும். இவனுக்குத் தன்னுடைய உடம்பு பிறந்த நாள் ஆடியில். அந்த நாளை யாருக்கும் சொல்லாமல் ஒரு கோப்பைப் பிளேன்ரீயோடு கழித்துவிடுவான். அட்டை பிறந்த நாள் மாசியில். அது வருவதை அவன் எப்போதும் கண்ணை மூடிக்கொண்டுதான் கடப்பான். இந்த முறை கண்ணை மூடியதில் லைசன்சையும் சேர்த்துக் கடக்கப் பார்த்திருக்கிறான். நினைவூட்டுக் கடிதம் வந்திருக்கும். பழைய வீட்டுக்கு வந்திருக்கும், மனைவி மேனகா அதைப் பிரிக்காமல் குப்பையில் போட்டிருப்பாள். அவளைப் பிரிந்து ஒரு பேஸ்மென்று அறைக்கு வந்த பிறகு புது விலாசத்தை அவன் அறிவிக்கவில்லை. அதுவும் ஒரு சட்டம், அதையும் மீறியாகிவிட்டது. மேனகாவையும் குற்றம் சொல்ல முடியாது. கலியாணம் கட்டிப் பிள்ளையும் பெற்று, ஒருநாள் மாமி ஃபோனில் வாய் தவறி "குகனிட்டைக் குடு பிள்ளை" என்று சொன்ன பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது தான் யாரோடு படுத்து எழும்புகிறாள் என்று. "பேரைக்கூட எனக்குச் சொல்லாத மனிசன், வேற என்னத்தைச் சொல்லியிருப்பீங்கள்?" என்று கேட்டாள். பிறருடைய பொய்யைப் பிடித்துக் கொடுத்துச் சம்பளம் எடுக்கிறவன் தன்னுடைய உடுப்புகளை ஒரு பையில் அடுக்கினான்.

இன்றைக்குள் புதுப்பித்தால் தப்பலாம். நாளைக்கு என்றால் எல்லாம் முதலிலிருந்து: பிறப்புச் சான்று, விரல் அடையாளம், நேரில் வா, இரு, சொல். ஃபோனிலேயே லைசன்ஸ் கொடுக்கிற அமைச்சின் இணையப் பக்கத்தைத் திறந்தான். கையுறையைக் கழற்றினால் விரல் விறைக்கிறது, கழற்றாவிட்டால் ஃபோன் மதிக்கிறதில்லை. பெயர்: தயாபரன் நல்லதம்பி. பிறந்த தேதி. புது விலாசத்தை இப்போதாவது எழுதினான். குற்றம் ஏதும் சாட்டப்பட்டிருக்கிறதா? இல்லை. கடைசியில் ஒரு பெட்டி. நான் தந்த விவரங்கள் யாவும் உண்மை, பொய்யென்று கண்டால் உரிமம் பறிக்கப்படும், வழக்கும் வரும் என்று தெரிந்தே ஒப்புக்கொள்கிறேன். முன்பெல்லாம் இந்தப் பெட்டியை அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு தட்டிவிடுவான், ஊசி போடும்போது மறுபக்கம் பார்க்கிற மாதிரி. இன்று முடியவில்லை. அம்மா பின்னேரம் போகப்போகிறேன் என்றாளே. அங்கே இப்போது பின்னேரம் முடிந்து இருட்டுகிறது. போயிருப்பாள். தயாபரன் என்று சொல்லியிருப்பாள். என்ரை மூத்தவன், நல்லதம்பி தயாபரன், காணாமல் போனவன். பெயர் எழுதியாகிவிட்டது. அது ஒரு பட்டியலில் ஏறும். பட்டியல் சும்மா இருக்காது, எங்கேயாவது போகும். எங்கேயோ ஓர் அரசாங்கக் கந்தோரில் ஒருத்தன் பார்ப்பான், இந்தப் பெயர், இந்தப் பிறந்த தேதி, இதே ஆள் கனடாவில் துப்பறிகிறானே, காணாமல் போனவன் எப்படி லைசன்ஸ் புதுப்பிக்கிறான்? பிறகு லைசன்ஸ் மட்டுமா போகும். குடியுரிமை, வேலை, மகளுடைய தகப்பன் பேர், எல்லாம் சேட்டுத் தையல் பிரிகிற மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகப் பிரியும்.

சேட்டு. வந்துவிட்டது. எந்த வழியாகப் போனாலும் கடைசியில் அந்தச் சேட்டில் போய் முட்டாமல் அவனுடைய புத்தி திரும்புவதில்லை. வானநீலச் சேட்டு, நெஞ்சில் ஒரு பை, பையில் ஒரு பொத்தான் இல்லை. அண்ணன் காணாமல் போனதற்கு முதல்நாள் குகதாசன்தான் அதைப் போட்டுக்கொண்டு சந்திக்குப் போய்வந்தான். வழியில் ஆமிக்காரரின் சென்றியில் அடையாள அட்டையைக் காட்டினான், திரும்பப் பையில் வைத்தான், வீட்டுக்கு வந்து சேட்டைக் கழற்றி ஆணியில் கொழுவினான். அட்டையை எடுத்து மேசையில் வைத்திருக்கலாம். வைக்கவில்லை. ஏன் வைக்கவில்லை? பசி. வந்ததும் புட்டு மணத்தது, நேரே அடுப்படிக்குப் போய்விட்டான். புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும். அவ்வளவுதான் காரணம். இரவு மழை. அண்ணனுடைய சேட்டு கொடியிலேயே நனைந்து கிடந்தது. விடிய வேலைக்குப் போகிற அவசரத்தில் அண்ணன் ஆணியில் கிடந்த நீலத்தை எடுத்து மாட்டினான். அம்மா சொன்னாள், "அது சின்னவன்ர சேட்டல்லோ." அண்ணன் சைக்கிளில் ஏறிக்கொண்டே, "வந்து குடுக்கிறன்" என்றான். பையில் அட்டை தட்டுப்பட்டிருக்கும். தன்னுடையது என்று நினைத்திருப்பான். நெஞ்சைத் தட்டிப் பார்த்து, அட்டை இருக்கிறது என்று நிம்மதியாகத்தான் போயிருப்பான். அவனுடைய அட்டை வீட்டில், அலுமாரிக்கு மேலே, பவுடர் டின்னுக்குப் பக்கத்தில் கிடந்தது.

சென்றியில் வரிசையில் பின்னால் நின்ற பேக்கரிக்காரர் வந்து சொன்னார். அட்டையைக் கேட்டார்கள், அண்ணன் எடுத்துக் கொடுத்தான். நிற்கிறவன் அட்டையைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான், மறுபடி அட்டையைப் பார்த்தான். பேரைச் சொல்லச் சொன்னான். அண்ணன் தயாபரன் என்றான். அட்டையில் குகதாசன் என்று கிடந்தது. மற்றவனைக் கூப்பிட்டான். அண்ணனைச் சைக்கிளை விட்டு இறங்கச் சொன்னார்கள். சைக்கிள் அந்தக் கம்பிவேலியில் சாய்ந்தபடி பிறகும் கனநாள் நின்றது. ஆள் வரவில்லை. அம்மா போய்க் கேட்டபோது அப்படி ஒரு ஆளைத் தாங்கள் பிடிக்கவே இல்லை என்றார்கள். சைக்கிள் எங்கே இருந்து வந்தது என்று கேட்டால் அதற்கும் தெரியாது. குகதாசனை மாமா கொழும்புக்கு அனுப்பினார். அட்டை இல்லாமல் அங்கே ஒரு பாலமும் தாண்ட முடியாது. அலுமாரிக்கு மேலே கிடந்ததை எடுத்துக் கையில் தந்து, "முகம் கிட்டத்தட்ட ஒண்டுதானே, பேரைக் கேட்டால் தயாபரன் எண்டு சொல்லு" என்றார். வழி நெடுகக் கேட்டார்கள். காட்டினான். அட்டையைப் பார்த்தார்கள், முகத்தைப் பார்த்தார்கள், போ என்றார்கள். ஒவ்வொரு முறையும் போ என்றார்கள். அதே இரண்டு முகம்தான். தம்பியின் அட்டையோடு போன அண்ணனுக்குச் சரிவராத முகம், அண்ணனின் அட்டையோடு போன தம்பிக்குச் சரிவந்தது. இதில் என்ன நியாயம் இருக்கிறது என்று அவன் எத்தனையோ வீடுகளின் முன்னால் வானுக்குள் குந்தியிருந்து யோசித்திருக்கிறான். நியாயம் ஒன்றும் இல்லை, சேட்டுத்தான் இருக்கிறது. ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரன் அந்த அட்டையை வைத்துத்தான் பாஸ்போர்ட் செய்தான். வந்து இறங்கியபோது பேரைக் கேட்டார்கள். அண்ணனுடைய பேரைச் சொன்னான். அன்றைக்கு மட்டும் என்றுதான் நினைத்தான்.

ஆவி மறுபடி படிந்துவிட்டது. துடைத்தான். மேல்மாடி யன்னலில் திரைச்சீலை விலகி ஒரு பெண்ணின் முகம் தெரிந்து மறைந்தது. பாலேந்திரனின் மனைவியாக இருக்க வேண்டும். கமராவைத் தூக்கவில்லை, யன்னலுக்குள் பிடிக்கக் கூடாது. பார், எவ்வளவு ஒழுங்கான மனிசன் என்று தன்னைத் தானே நக்கலடித்தான். அம்மாவுக்கு ஃபோன் அடித்தான். மணி போனது, போனது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தான். முதல் தரம் அம்மா இந்தப் பதிவைப் பற்றிக் கேட்டபோது அவன் சத்தம் போட்டான். இரண்டாம் தரம் கெஞ்சினான். "அண்ணான்ர பேரைக் குடுத்தால் என்ரை லைசன்ஸ் போயிடும் அம்மா, நான் றோட்டுக்கு வந்திடுவன்." அம்மாவுக்கு லைசன்ஸ் என்றால் என்னவென்று சரியாகத் தெரியாது. பிள்ளையை உயிரோடு வைத்திருக்கிற ஏதோ மருந்து என்று விளங்கிக்கொண்டாள். "அப்ப வேண்டாம் மோனை" என்றாள். ஆனால் கிளிநொச்சியில் றோட்டோரம் தகரக் கொட்டிலில் மற்றத் தாய்மார் படங்களோடு இருக்கிற இடத்துக்குப் போகாமல் விடவில்லை. போய் இருப்பாள், வெறுங்கையோடு. எல்லாருடைய மடியிலும் ஒரு பிள்ளையின் படம், இவளுடைய மடியில் தண்ணீர்ப் போத்தல். இடம்பெயர்ந்து வந்த ஊர், பழைய கதை யாருக்கும் தெரியாது. கனடாவிலை மகன் தயாபரன் இருக்கிறானே, பிறகேன் அம்மா வெயிலுக்கை இஞ்ச வந்து இருக்கிறியள் என்று கேட்பார்களாம். "சும்மா, உங்களோட ஒரு துணைக்கு" என்பாளாம். அதை அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பெற்ற பிள்ளையைத் தேட ஒரு தாய்க்கு அனுமதி கொடுக்காதவன் அரசாங்கம் இல்லை, நான்தான், என்று அன்றைக்குத் தெரிந்தது. தெரிந்தும் அவன் அனுமதி கொடுக்கவில்லை.

அம்மா எடுக்கிறபாடில்லை. பெட்டி ஃபோனில் அப்படியே திறந்து கிடந்தது. தட்டாமல் விடலாம். விட்டால் இன்றிரவோடு அட்டை செத்துவிடும், நாளைக்கு இந்தத் தெருவில் நிற்க உரிமை இல்லை, நாளைக்குத் தொழில் இல்லை, ஆனால் அம்மாவுக்கு ஒரு படம் மடியில் இருக்கும். எவ்வளவு சுலபமாக நல்லவனாகலாம் என்று யோசித்தான். சும்மா இருந்தால் போதும், விரலை அசைக்காமல் இருந்தால் போதும். அப்படி யோசித்தபடியே விரலைப் பார்த்தான். விரல் போய்த் தட்டியது. யாவும் உண்மை. அனுப்பு என்பதையும் தட்டியது. பணம் எடுபட்டது, உங்கள் விண்ணப்பம் கிடைத்தது, நன்றி தயாபரன் என்று வந்தது. உண்மையைச் சொன்னால் நிம்மதியாகத்தான் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது, நிம்மதிதான் கூட. இனி அம்மாவை மறிக்க வேண்டும். போகாமல் விட்டிருப்பாள், காலில் நோ, மழை, ஓட்டோ வந்திருக்காது என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கினான். தாய் நோயாகக் கிடக்க வேண்டும் என்று வேண்டுகிற மகன். அப்போது ஃபோன் கைக்குள் துடித்தது.

"தயா, எடுத்தனியோ மோனை? கோயிலடியில நிண்டனான், கேக்கேல்லை."

"அம்மா, நீங்கள் அங்க போனனீங்களோ?"

"போட்டு வந்திட்டன். நல்லாத்தான் கதைச்சினம். ஒரு பிள்ளை கதிரை தந்து இருத்தி, எல்லாத்தையும் ஆறுதலாக் கேட்டு எழுதினது."

"என்ன பேர் குடுத்தனீங்கள்?"

அம்மாவுக்குப் பின்னால் கோயில் மணி கேட்டது. அந்த நேரத்துக்குள் அவன் தன் வாழ்க்கை முழுவதையும் மூட்டை கட்டி வாசலில் வைத்துவிட்டான். "ஏன் பயப்பிடுறாய்," என்றாள் அம்மா. "உனக்கு ஒரு கரைச்சலும் வராது. நான் யோசிச்சுத்தான் செய்தனான். தயாபரன் கனடாவிலை இருக்கிறான், காசு அனுப்புறான், அது ஊருக்கே தெரியும். அவனைக் காணேல்லை எண்டு நான் எப்பிடிச் சொல்லுறது? எனக்கு ரெண்டு பிள்ளையள். ஒண்டு இருக்குது, ஒண்டைக் காணேல்லை. அதுதானே உண்மை? சின்னவன்ர பேரைக் குடுத்திட்டன்."

"அம்மா..."

"நல்லதம்பி குகதாசன் எண்டு குடுத்தனான். உன்ர படம் ஒண்டு கிடந்தது, பள்ளிக்கூடத்தில எடுத்தது, அதையும் குடுத்தனான். அண்டைக்குச் சென்றியில பிடிபட்டதும் அந்த அட்டைதானே மோனை. அவங்கள் எங்கயும் எழுதி வச்சிருந்தாலும் அந்தப் பேர்தான் கிடக்கும். தேடுறதெண்டால் அந்தப் பேரிலதான் தேடவேணும்." குரல் உடையவில்லை. எப்போதோ உடைந்து முடிந்த குரல். "இனி நானும் அந்தக் கொட்டிலில படத்தோட இருக்கலாம். அந்தப் படத்தைக் கொப்பி அடிச்சு, சட்டம் போட்டுத் தரச் சொல்லிக் குடுத்திருக்கிறன். ஆரும் கேட்டால் காட்டலாம்தானே."

அவனுக்கு ஏதாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. வேண்டாம் என்று சொல்லலாமா? எதை வேண்டாம் என்பது? அவனுடைய லைசன்சுக்கு இனி ஆபத்தில்லை, ஒரு பட்டியலும் மற்றப் பட்டியலோடு முட்டாது, எல்லாக் கடதாசியும் ஒன்றோடொன்று பொருந்தி அழகாக இருக்கிறது. இவ்வளவு காலம் அவன் செய்ய முடியாததை எழுபது கடந்த மனிசி ஒரு பின்னேரத்தில் செய்து முடித்துவிட்டாள். அவன் தான் பிறந்த ஆடி மாதத்தைப் பற்றி நினைத்தான். தகரக் கொட்டிலில், அம்மாவின் மடியில், பள்ளிக்கூட உடுப்போடு தான் வெயிலைப் பார்த்துக்கொண்டு இருக்கப்போவதை நினைத்தான். "சாப்பிட்டியளோ அம்மா?" என்றுதான் கடைசியில் கேட்க வந்தது.

"ஓம், சாப்பிட்டன். குளிருக்கை வெளியில திரியாதை. சரி, வைக்கிறன்." மூச்சு. அவன் காதை ஃபோனோடு அழுத்தி அந்த ரகசியக் குரலுக்காகக் காத்திருந்தான். அம்மா சொன்னாள், "வைக்கிறன் தயா."

கண்ணாடி முழுக்க ஆவி, துடைக்கவில்லை. அறிக்கையில் அந்த நேரம் வெறுமையாகத்தான் இருக்கப்போகிறது. கண்ணாடியில் தட்டுகிற சத்தம் கேட்டது. திடுக்கிட்டுப் போர்வையை விலக்கி, கதவை இழுத்தான். பாலேந்திரன் நின்றார். ஒரு கையில் ஊன்றுகோல், மற்றக் கை வானைப் பிடித்திருந்தது. வீட்டுப் படியிலிருந்து வான் வரை சினோவில் அவர் கால் இழுத்து வந்த தடம், அடிக்கு அடி நின்று நின்று வந்த தடம், தெளிவாகக் கிடந்தது. சவள் கதவோரம் வைத்த இடத்திலேயே சாய்ந்திருந்தது. முகம் நோவில் வெளிறியிருந்தது. கமரா குகதாசனின் மடியில் மூடியோடு கிடந்தது.

"நம்மட ஆளோ?" என்றார் பாலேந்திரன், மூச்சு வாங்க. "காலமையில இருந்து வான் நிக்குது, ஆரோ உள்ளுக்கை விறைச்சுச் செத்துப் போச்சினமோ எண்டு மனிசி பயந்து போனா. உயிரோடதான் இருக்கிறியள்." பிறகு அவருடைய கண் கமராவில் விழுந்தது. அங்கேயே நின்றது. குரல் மாறியது. "ஆர் நீங்கள்?"

கேட்டாகிவிட்டது. தெருவில் போகிற எந்தச் சனம் கேட்டாலும். குகதாசன் நெஞ்சுப் பைக்குள் கையை விட்டான். "தனியார் துப்பறிவாளன்," என்றான். "இன்சூரன்சுக்காக வந்தனான்." அட்டையை எடுத்து நீட்டினான். பாலேந்திரன் ஊன்றுகோலைக் கமக்கட்டுக்குள் கொடுத்துக்கொண்டு அதை வாங்கினார். அவர் கோபப்படுவார், ஏசுவார், முகத்தில் எறிவார் என்று எதிர்பார்த்தான். ஒன்றும் செய்யவில்லை. அந்த வயசில் அந்த ஊரிலிருந்து வந்த எல்லாரும் ஒரு அட்டை கைக்கு வந்தால் செய்வதைத்தான் அவரும் செய்தார். அட்டையைப் பார்த்தார். அவனுடைய முகத்தைப் பார்த்தார். மறுபடி அட்டையைப் பார்த்தார். குகதாசனுக்கு ஒரு கணம் இறங்கச் சொல்வார் என்றே இருந்தது.

"தயாபரன்," என்று வாசித்தார். "ஓம், நீங்கள்தான்." அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வந்த தடத்திலேயே கால் இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.